பட்டி இல்லாமல் போர்வைக்கு ஓரம் முடிப்பது எப்படி?



நைந்த சேலை, கிழிந்த கைலி, பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட சட்டை. இவற்றை அடுக்கித் தைத்தால் நல்ல போர்வை கிடைக்கும். பலர் உள்தையல் வரை அழகாக முடித்துவிட்டு, ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். பத்தமடைப் பாய் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பாய் ஓரத்தில்தான் முதலில் அவிழும். போர்வையும் அப்படியே. பேரப்பிள்ளைக்கோ ஏழை வீட்டுக்கோ ஆசையாகக் கொடுத்தது நாலு சலவையில் நூல் நூலாகப் பிரிந்தால், கொடுத்தவருக்கும் மனக்கஷ்டம், வாங்கியவருக்கும் பயனில்லை.

ஓரத்தை மூட, தனித் துணியில் பட்டி வெட்டி, சுற்றிலும் வைத்துத் தைப்பதுதான் வழக்கம். 36 இன்ச் அகலம், 45 இன்ச் நீளமுள்ள குழந்தைப் போர்வைக்கே சுற்றளவு 162 இன்ச். நான்கு மீட்டருக்கு மேல் பட்டியை ஒட்டுப் போட்டு, நான்கு மூலையையும் மடித்துத் திருப்ப வேண்டும். புதுத்துணிப் பட்டியாக இருந்தால், சலவையில் அது மட்டும் சுருங்கிப் போர்வையை இழுக்கவும் செய்யும். பட்டியே இல்லாமல் முடிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: உள்வெளியாகத் திருப்புவது

தலையணை உறை தைப்பது போன்ற வேலை இது. உள்ளே வைக்கும் பழைய சேலை மடிப்பை முதலில் விரியுங்கள். அதன்மேல் அடித்துணியை நல்ல பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். அதற்கு மேல் மேல்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே சுற்றிலும் தையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் மட்டும் 10 இன்ச் திறந்திருக்கட்டும். மூலைகளில் மிஞ்சும் துணியைத் தையல் அறுபடாமல் வெட்டிவிட்டுத் திருப்புங்கள். திறப்பைக் கைத்தையலால் மூடி, ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே இன்னொரு சுற்றுத் தையல் போடுங்கள். நடுத்தையல் அதற்குப் பிறகுதான். சிறிய போர்வைக்கு இதுவே சுலபம். பெரியதைத் திருப்பும்போது உள்துணி சுருண்டுகொள்ளும்.

இரண்டாம் வழி: அடித்துணியை மேலே மடிப்பது

நடுத்தையல் எல்லாம் முடிந்தபின் செய்வது இது. அடித்துணி நான்கு பக்கமும் ஒன்றரை இன்ச் கூடுதலாக இருக்கும்படி முதலிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதலைப் பாதியாக மடித்து, மறுபடியும் மேல்துணியின்மீது மடித்தால் முக்கால் இன்ச் கரை கிடைக்கும். எதிரெதிரான இரு பக்கங்களை முதலில் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். பிறகு மற்ற இரண்டு. அழுத்தமான கைலித்துணி அடியில் இருந்தால் கரை உறுதியாக நிற்கும்.

மூன்றாம் வழி: ஓரத்திலிருந்தே தொடங்குவது

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகத்தினர் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இந்தியா வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களில் முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் மூவரும் உண்டு. அந்தப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நாம் கடைசியில் செய்யும் ஓர வேலையை அவர்கள் முதலிலேயே முடித்துவிடுகிறார்கள்.

அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். சேலையின் ஓரத்தையும் மேலே வைக்கும் துண்டின் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து, இரண்டு மடிப்பும் சேரும்படி ஓட்டுத்தையல் போடுவார்கள். அடுத்த துண்டின் விளிம்பை மடித்து முந்தைய துண்டின்மீது சற்று ஏற்றி வைப்பார்கள். இப்படியே ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். சட்டமும் தேவையில்லை, தையல் மெஷினும் தேவையில்லை. மூலைகளில் சிறு துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைப்பார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ என்று பெயர். பூலா இல்லாத கவந்தி அவர்களுக்கு முழுமையானதல்ல.

மறக்கக் கூடாதவை

பட்டி நைந்தால் பிரித்து மாற்றலாம். மடித்த ஓரம் நைந்தால் மாற்ற முடியாது. ஆகவே துணியில் நல்ல பாகத்தை ஓரத்துக்கு ஒதுக்குங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தத் துண்டு நடுவுக்குப் போகட்டும்.

எல்லாத் துணியையும் தைப்பதற்கு முன்பே துவைத்துக் காயவையுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். குழந்தைப் போர்வையில் பட்டன், ஜரிகை, மணி எதுவும் வேண்டாம். உள்ளே பஞ்சுக்குப் பதில் பருத்திச் சேலையே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு எளிதில் காயாது.

இந்த வாரம் ஓரடிச் சதுரத்தில் மூன்று துண்டுகள் எடுத்து, ஒவ்வொரு வழியிலும் ஒன்று தைத்துப் பாருங்கள். மூன்றையும் நாலைந்து முறை துவையுங்கள். எந்த ஓரம் அசையாமல் நிற்கிறதோ, உங்கள் கைக்கு ஏற்றது அதுதான். இன்ஷா அல்லாஹ், அந்த முறையிலேயே முதல் போர்வையைத் தொடங்கலாம்.