பாட்டைத் தந்த ஏழைக் குருவானவர்



கிறிஸ்து பிறப்புத் திருநாளின் நடுநிசிப் பூசையிலே நாம் பாடும் பாட்டுகளுள் 'ஒப்பில்லாத் திரு இரா' என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அதன் மூலப்பாட்டு ஜெர்மன் மொழியில் உண்டானது. அதை இயற்றியவர் எப்படிப்பட்ட பிறப்பினர் என்பதையோ நம்மில் அநேகர் அறியோம்.

அவர் பெயர் ஜோசப் மோர். இன்று ஆஸ்திரியா தேசத்தைச் சேர்ந்த சால்ஸ்பர்க் நகரில் 1792-ம் ஆண்டு பிறந்தார். தாய் கம்பளி பின்னிப் பிழைத்த ஏழை. தகப்பனோ படைவீரன், குழந்தை பிறக்குமுன்னே ஓடிப்போனான். அவர்களுக்குள் விவாகம் நடந்திருக்கவில்லை. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்தவர், ஊரார் அருவருத்து ஒதுக்கிய கொலைத்தண்டனை ஊழியர்!

இந்தப் பிள்ளையை ஒருவர் தள்ளிவிடவில்லை. மேற்றிராசனக் கோவிலைச் சேர்ந்த குருவானவர் ஒருவர் அவனை ஆதரித்துப் படிக்க வைத்தார். குருமடத்தில் சேருவதற்கு, பிறப்பின் காரணமாக விசேஷ அனுமதி வேண்டியிருந்தது, அதுவும் கிடைத்தது. 1815-ல் அவர் குருப்பட்டம் பெற்றார்.

மறு வருஷம், மரியபார் என்னும் ஊரில் உதவிக் குருவாக இருக்கையில் அப்பாட்டை எழுதினார். நெப்போலியன் காலத்து யுத்தங்கள் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தன. அந்த 1816-ல் கோடையிலும் குளிர் நீங்காமல் விளைச்சல் கெட்டு, ஐரோப்பாவில் பஞ்சம் வாட்டியது. பின்பு, படகுத் தொழிலாளர் வாழ்ந்த ஓபர்ன்டார்ப் ஊருக்கு மாற்றலானார். 1818 டிசம்பர் 24-ந் தேதி, ஆர்கன் வாசிக்கும் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சவேர் குரூபரிடம் வரிகளைக் கொடுத்தார். குரூபர் இராகம் அமைத்தார். அன்றிரவே, மோர் சுவாமியார் கித்தார் மீட்ட, இருவரும் கோவிலில் பாடினார்கள்.

பாட்டு தேசம் தேசமாய்ப் பரவியது. பெயர்பெற்ற சங்கீத மேதை எவரோ இராகம் அமைத்திருப்பார் என்று பலர் எண்ணினர். 1854-ல்தான் குரூபர் உண்மையை எழுதிவைத்தார். அதற்கு ஆறு வருஷம் முன்பே மோர் சுவாமியார் வாக்ரைன் என்னும் ஊரில் ஏழையாகவே மரித்துவிட்டார். அவ்வூரில் ஏழைப் பிள்ளைகளும் படிக்கும்படி பள்ளிக்கூடத்துக்காக உழைத்தவர் அவர். சிறுவயதில் தாம் பெற்ற தயவை அவர் மறக்கவில்லை.

பெற்றோரே, நம் தெருவிலும் தகப்பன் பெயரைச் சொல்லக் கூசும் பிள்ளை ஒன்று இருக்கலாம். திருநாள் பலகாரத் தட்டு அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறதா? குடிலைப் பார்க்க வந்த அப்பிள்ளையை நம் பிள்ளைகளோடு சேரவிடாமல் விலக்குகிறோமா? அப்படியானால், சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவர்களைக் குறை கூற நமக்கு வாயேது?

அப்பிள்ளை வளர்ந்து உலகம் போற்றும் பாட்டு எழுதும் என்பதற்காக அல்ல. எழுதாவிட்டாலும், மாட்டுத் தொழுவத்தில் பிறந்த சேசு பாலன் அதற்காகவும் பிறந்தார்.

இவ்வாரப் பிரதிக்கினை: திருநாளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை நம் வீட்டுக்கு அழைத்து, நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார வைப்போம். பிறகு பாடுவோம்.