எவ்வளவு சாப்பிட்டாலும் சிலர் மட்டும் ஒல்லியாகவே இருப்பது எப்படி?



மதிய மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறோம் அல்லவா? வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே இந்தப் பேச்சு வந்துவிடும். "அவளப் பாரு, ரெண்டு டப்பா சோறு சாப்பிடுறா, ஊசி மாதிரி இருக்கா. நான் தண்ணி குடிச்சாக்கூட ஊதிடுறேன்!" உடனே ஆளாளுக்கு ஒரு பதில். "அது உடம்பு வாகுடி." "வயித்துல பூச்சி இருக்கும்." "சாப்பாடு அவளுக்கு ஒட்டல." இதில் எது சரி என்று உயிரியல் டீச்சரிடம் கேட்டோம். டீச்சர் பதில் சொல்லவில்லை. "முதல்ல ஒரு வாரம் வாயில போடுற எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

எழுதினோம். நான், அந்த 'ஊசி', 'தண்ணி குடிச்சா ஊதுறவ' (இரண்டு பேரும் பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்) ஆக மூன்று பேர். ஏழு நாள் கழித்து மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. ஊசியின் நோட்டில் ஒரு நாளைக்கு மூன்றே வரி. காலையில் பழைய சோறு, மதியம் அந்த இரண்டு டப்பா, ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி சோறு. அவ்வளவுதான். இன்னொருத்தி நோட்டில் மதியம் "அரை டப்பா தயிர்சாதம்" என்று பெருமையாக எழுதியிருந்தது. ஆனால் அதற்கு மேலேயும் கீழேயும் எத்தனை வரி! இன்டர்வெல்லில் மிக்சர், பஸ் ஸ்டாப்பில் பப்ஸ், வீட்டுக்குப் போனதும் சர்க்கரை தூக்கலாக டீ, டி.வி. முன்னால் முறுக்கு, தம்பி மிச்சம் வைத்த பிஸ்கட். நாம் மரத்தடியில் பார்ப்பது மதியச் சாப்பாடு ஒன்றை மட்டும். மீதி யார் கண்ணிலும் படுவதில்லை, சாப்பிடுகிறவர் கண்ணிலும் கூட!

இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம். உணவின் சக்தியைக் கிலோ கலோரியில் அளப்பார்கள், பேச்சில் சும்மா கலோரி என்கிறோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. வெந்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர், அதனால் 100 கிராம் சோறு சுமார் 130 கலோரிதான். முறுக்கில் தண்ணீர் கிடையாது, எண்ணெய் உண்டு. 100 கிராம் முறுக்கு சுமார் 500 கலோரி. அதாவது ஒரு பாக்கெட் முறுக்கைக் கொறித்து முடிப்பதும் கிட்டத்தட்ட 400 கிராம் சோற்றைச் சாப்பிடுவதும் ஒன்று. சோறு சாப்பிட்டால் "எவ்ளோ சாப்பிடுறா" என்பார்கள். முறுக்குக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்! டீயும் அப்படித்தான். ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நான்கு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை. முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி மறக்கிறோம் என்று நினைக்காதீர்கள். 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு வெளிவந்தது. "நாங்க கொஞ்சமாத்தான் சாப்பிடுறோம், ஆனா எடை குறைய மாட்டேங்குது" என்று சொன்னவர்களை வைத்துச் செய்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கையும் உண்மையில் உள்ளே போன கணக்கையும் ஒப்பிட்டால், சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல, நிஜமாகவே நினைவில் இல்லை. அவர்களுடைய உடம்பு சக்தியை எரிக்கும் வேகத்தில் குறை ஒன்றும் இல்லை.

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு உடம்பு வேகமா எரிக்கும்" என்பதும் நாம் அடிக்கடி கேட்பதுதான். பாடப்புத்தகத்தில் வரும் அடிப்படை வளர்சிதை மாற்றம் இதுதான். நாம் சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் செலவில் பெரும் பங்கு, சாதாரணமாக 60 முதல் 70 சதவீதம், இதற்கே போய்விடுகிறது. ஆனால் பெரிய உடம்புக்குத்தான் இந்தச் செலவு அதிகம், சின்ன உடம்புக்குக் குறைவு. டி.வி.எஸ். 50ஐ விட லாரி அதிகம் குடிக்கும், இல்லையா? ஆக அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம் போகிறது. அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சம் இருப்பது அசைவு. விஷயமே இங்கேதான் இருக்கிறது!

அசைவு என்றால் பி.டி. பீரியடில் ஓடுவது மட்டும் இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவரும் அவர் கூட வேலை செய்தவர்களும் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சாப்பாடு முழுக்க ஆய்வாளர்கள் அளந்து கொடுத்தது, தனியாக உடற்பயிற்சி எதையும் கூட்டக் கூடாது என்பது நிபந்தனை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 56 நாளுக்கு 56,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்றால் ஆளுக்கு ஏழு கிலோ ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஒருவருக்குக் கொழுப்பு 4 கிலோவுக்கு மேல் ஏறியது, இன்னொருவருக்கு அரைக் கிலோகூட ஏறவில்லை! 1999இல் இந்த முடிவு வெளிவந்தது.

ஏறாதவர் என்ன செய்தார்? அவருக்கே தெரியாது. கூடுதலாகச் சாப்பிட்டதும் அவர் உடம்பு தானாகவே கூடுதலாக அசையத் தொடங்கியிருக்கிறது. எழுந்து நிற்பது, இங்கேயும் அங்கேயும் நடப்பது, காலை ஆட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது... நம் பாட்டிகள் "சும்மா இருக்க மாட்டியா, காலை ஆட்டாதே" என்று திட்டுவார்களே, அதே சமாச்சாரம்தான்! 2005இல் அதே குழு, உடம்பில் கருவிகளை மாட்டி 10 ஒல்லியானவர்களையும் 10 பருமனானவர்களையும் பத்து நாள் கவனித்தது. பருமனானவர்கள் தினமும் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிகமாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றும் கண்டார்கள். பருமனானவர்கள் எடையைக் குறைத்த பிறகும் அவர்கள் உட்காரும் நேரம் மாறவில்லை. அதனால் இது ஓரளவு பிறவியிலேயே வருவது. "பரம்பரை" என்று சொன்ன தோழிக்குப் பாதி மார்க் தாராளமாகப் போடலாம். பசி எவ்வளவு எடுக்கும், எப்போது போதும் என்று தோன்றும் என்பதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு.

ஊசியின் நோட்டை இப்போது மறுபடி பாருங்கள். அவள் வீட்டிலிருந்து பஸ் ஏற நடை, இறங்கி நடை. சாயங்காலம் குழாயடியில் எட்டுக் குடம், ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, அம்மாவுக்குப் பூக்கட்ட உதவி. அதற்கெல்லாம் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. "அது சாப்பாடு இல்லையே, எதுக்கு எழுதணும்?" என்றாள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டால் போதும் என்று தோன்றுவதற்குள் டப்பா காலி.

சரி, ஒல்லியாக இருந்தால் போதுமா? இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்பவரும் லண்டனில் டாக்டர் யுட்கின் என்பவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இரண்டு பேர் படத்தையும் சேர்த்துப் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. பார்க்கவும் இருவரும் குண்டு இல்லை. ஆனால் உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1, நம் நாட்டவருக்கு 21.2! அதாவது நம்மவர்களில் பலர் வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு வருவதை விடக் குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. கை கால் குச்சியாக, தொப்பை மட்டும் பந்தாக இருக்கும் மாமா ஒருவர் எல்லார் வீட்டிலும் உண்டு. அவரை "ஒல்லிதானே, ஒண்ணும் வராது" என்று விட்டுவிடாதீர்கள். தென்னாசிய நாட்டுப் பெரியவர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை. தையற்கடை டேப் இருந்தால் போதும். (பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள நமக்குப் பி.எம்.ஐ. எண்ணை அப்படியே பார்க்கக் கூடாது, வயதுக்குத் தனி அட்டவணை இருக்கிறது.)

சொல்லாமல் விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை ப்ரேயரில் யாராவது மயங்கி விழுகிறார்கள். தண்ணீர் தெளித்து, உட்கார வைத்து, "காலைல என்ன சாப்பிட்டே?" என்று டீச்சர் கேட்டால் தலை குனிந்துகொள்கிறார்கள். சிலருக்கு நேரம் இல்லை. சிலர் ஒல்லியாக வேண்டும் என்று வேண்டுமென்றே சாப்பிடாமல் வருகிறார்கள். பிறகு பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் எது கையில் கிடைக்கிறதோ அதைத் தின்கிறார்கள், பெரும்பாலும் பாக்கெட். ஒல்லியும் ஆவதில்லை, பாடமும் ஏறுவதில்லை. நம் வயதில் எலும்பும் தசையும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். போதாததற்கு இரத்தசோகை வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. அதே கணக்கெடுப்பில் பத்துப் பெண்களில் நான்கு பேருக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே ஆளிடம்! வாரா வாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ஜன்னலுக்கு வெளியே செடியடியில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். செடிக்கு அது தேவை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், நெல்லிக்காய் அல்லது கொய்யா கூடச் சேர்ந்தால் நன்றாக உடம்பில் சேரும். டீயோடு மட்டும் வேண்டாம், டீ அதைத் தடுத்துவிடும்.

"பூச்சி" என்று சொன்ன தோழியையும் சிரித்து ஒதுக்க வேண்டாம். குடற்புழு நிஜமாகவே சத்தைத் திருடும், அதற்குத்தான் பள்ளியில் மாத்திரை தருகிறார்கள். அதே மாதிரி, நன்றாக இருந்த ஒருவர் கொஞ்ச நாளில் திடீரென்று இளைத்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனால் அது சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு இளைத்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். அந்த ஒல்லியைப் பார்த்துப் பொறாமைப்பட எதுவும் இல்லை.

சிலர் ஒல்லியாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ராத்திரி அடுப்பு எரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு என்று ஒவ்வொன்றாக வந்தது அதற்காகத்தான். ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள நமக்குக் காலை உணவு இல்லை. அதனால் யாரையாவது "ஒல்லிக்குச்சி", "ஈர்க்குச்சி" என்று கூப்பிடும்போது அவர் காலையில் சாப்பிட்டாரா என்பது நமக்குத் தெரியாது. "குண்டு பூசணி" என்று கூப்பிடப்பட்ட ஒருத்திதான் போன வாரம் ப்ரேயரில் விழுந்தாள்.

பசியோடு வருகிறவர்களுக்காக எங்கள் வகுப்பில் இப்போது ஒரு பழக்கம் ஆரம்பித்திருக்கிறோம். வீட்டில் முடிந்தவர்கள் இரண்டு இட்லி அதிகமாக வைத்துக் கொண்டுவருகிறோம். யாருக்கு என்று கேட்பதில்லை, டப்பா ஜன்னல் திட்டில் இருக்கும், முதல் பீரியடுக்கு முன்னால் காலியாகிவிடும். மிளகாய்ப்பொடி மட்டும் குறைவாகப் போடச் சொல்லி ஒரு புகார் வந்திருக்கிறது!

நோட்டு எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய நோட்டில் நான்கு பக்கம் கிழித்தால் போதும். இடது பக்கம் வாயில் போட்டது, வலது பக்கம் நடந்தது, நின்றது, சுமந்தது. பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போடுங்கள். இந்தச் சுவரின் கீழே தொங்கும் அட்டைப்பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் உயிரியல் டீச்சர் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

— பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவி