விசைப்பலகை வாங்குமுன்

‘விசைப்பலகை’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கணிப்பொறி ஆய்வகத்தில் நாம் நாள்தோறும் தட்டும், எழுத்துகள் பாதி தேய்ந்த கறுப்புப் பலகையே ஆகும். அதனுள் என்ன நடக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்து திரையில் விழுந்தால் போதும் என்றிருப்போம். ஆனால் அண்மைக் காலமாகக் கணிப்பொறியில் விளையாடும் நண்பர்கள் கூடுமிடமெல்லாம் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்ற பேச்சு அடிபடுகிறது. சிவப்பு நல்லதா, நீலம் நல்லதா என்று விடுதியில் நள்ளிரவு வரை வழக்காடுகிறார்கள். அந்தச் சிவப்பும் நீலமும் எவற்றைக் குறிக்கின்றன என்று கேட்டால் தெளிவாகச் சொல்வோர் மிகச் சிலரே. இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன் என்ற முறையில் இதனை ஆராய்ந்து பார்க்க எனக்கு ஆவல் எழுந்தது. ஆவலோடு தேவையும் இருந்தது.

எங்கள் வீட்டில் உள்ளது ஒரே கணிப்பொறி. பகலில் அதில் அம்மா தட்டச்சு செய்கிறார். பத்திரம் எழுதுவோர் கொடுக்கும் கைப்படிகளைப் பக்கக் கணக்கில் அடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். இரவில் ஒரு மணி நேரம் நான் விளையாடுவேன். அதே அறையில், அதே விளக்கொளியில், பன்னிரண்டாம் வகுப்புத் தங்கை படிப்பாள். பழைய பலகையில் மூன்று விசைகள் குத்தினால்தான் விழுகின்றன. அம்மாவுக்கு மாலையானால் வலக்கை நடுவிரல் வலிக்கிறது. விடுமுறை நாள்களில் கல்யாணப் பந்திகளில் பரிமாறச் சென்று நான் சேர்த்த தொகை 3,500 ரூபாய். இந்தத் தொகைக்குள் மூவருக்கும் ஒத்துவரும் ஒரு பலகையைத் தேட வேண்டியிருந்தது. அத்தேடலில் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விசைக்குள் இருப்பது

நாம் பயன்படுத்தும் மலிவான பலகைக்குள் மூன்று நெகிழித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாகத் துளைகள். மேலே ரப்பர்க் குமிழ்கள். விசையை அழுத்தும்போது குமிழ் நசுங்கி, மேல்தாள் துளை வழியாகக் கீழ்த்தாளைத் தொடுகிறது, மின்சுற்று மூடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசை அடிமட்டம் வரை சென்றால்தான் எழுத்து விழும். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் தரையில் மோதியே தீர வேண்டும். நாளடைவில் ரப்பர் இறுகிப் போனால் குத்தவும் வேண்டும்.

மெக்கானிக்கல் பலகையில் தாளும் குமிழும் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுவிட்ச் உண்டு. அதனுள் ஒரு நெகிழித் தண்டு, அதன்கீழ் ஒரு சுருள்வில், பக்கத்தில் இரண்டு உலோகத் தகடுகள். தண்டு பாதி தூரம் இறங்கும்போதே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. செர்ரி நிறுவனத்தின் ‘எம்எக்ஸ்’ சுவிட்சில் விசை இறங்கக்கூடிய மொத்தத் தூரம் 4 மில்லிமீட்டர். சிவப்பு வகையில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். பழகிய விரல் தரையைத் தொடாமலே திரும்பலாம்.

இது புதுமை அன்று. 1874-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸின் தட்டச்சுப்பொறியிலிருந்து வந்ததே இன்று நாம் காணும் ஆங்கில எழுத்து வரிசை. 1985-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் எம்’ பலகையில், அழுத்தினால் பக்கவாட்டில் வளைந்து மடியும் சுருள்வில் இருந்தது. அது மடியும்போது எழும் ஓசைக்காகவே அதனை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. செர்ரியின் எம்எக்ஸ் சுவிட்ச் 1980-களின் முற்பகுதியில் வந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கெய்ல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்சுகளைச் செய்து குவித்தன. விலை நம்மைப் போன்றோர் கைக்கு எட்டும் அளவில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

நிறங்களும் நாணயங்களும்

நிறம் என்பது தண்டின் நிறமே. செர்ரியின் வழக்கப்படி சிவப்பு என்றால் வழுவழுவென்று தடையின்றி இறங்குவது. பழுப்பு என்றால் இடையில் சிறு மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். ஓசை அதிகம் இராது. நீலம் என்றால் மேடும் உண்டு, ‘டிக்’ என்ற ஓசையும் உண்டு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. செர்ரியின் ‘கிளியர்’ மேடுள்ளது. கேட்டரானின் ‘கிளியர்’ மேடே இல்லாதது. பெயர் ஒன்று, குணம் வேறு.

இங்கே தமிழில் ஒரு சிறு சிக்கல். நாம் தட்டும் பொத்தானும் விசை. நியூட்டனால் அளக்கப்படுவதும் விசை. குழப்பம் நேராதிருக்கப் பின்னதைப் ‘பளு’ என்றே எழுதுகிறேன். சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன், பழுப்பின் மேட்டைக் கடக்க 55, நீலத்துக்கு 60 என்று குறிப்பிடுவர். ஒரு கிராம் நிறையின் எடை ஏறத்தாழ 0.98 சென்டிநியூட்டன். ஆகவே 45 என்பது சுமார் 46 கிராம் பளு.

இதனைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. 2011-இல் வந்த, ரூபாய்க் குறியீடு உள்ள ஐந்து ரூபாய் நாணயத்தின் நிறை 6 கிராம். நண்பன் ஒருவனின் சிவப்புச் சுவிட்ச் பலகையில், அண்டை விசைகளின் மூடிகளைக் கழற்றிவிட்டு, ஒரே விசையின்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். எட்டாவது நாணயத்தில் திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. 48 கிராம்; கணக்கோடு ஒத்துப் போகிறது. வேறொருவனின் நீலத்தில் பத்து நாணயம் வரை அசையாமல் நின்று, பதினொன்றில் ‘டிக்’கென்று இறங்கியது. அம்மாவின் பழைய பலகையில் நன்றாக இருந்த விசை ஒன்று பதினொன்றில் விழுந்தது. கோளாறான விசையோ பதினைந்து வைத்தும் விழவில்லை, அதற்குமேல் அடுக்க என்னிடம் நாணயம் இல்லை. அந்த விரல் ஏன் வலிக்கிறது என்பதற்கு மருத்துவரிடம் போகுமுன்னே விடை கிடைத்துவிட்டது.

நீலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது எழுத்தைப் பதியும் இடமும், விரல் மேலெழும்போது விடுபடும் இடமும் ஒன்றல்ல. விடுபட விரல் சற்று அதிகமாக மேலே வர வேண்டும். ஒரே விசையை விரைந்து இருமுறை, மும்முறை தட்ட வேண்டிய விளையாட்டுகளில் இது தடை. தட்டச்சுக்கு இது தடையன்று. அம்மாவுக்கோ இது வரம். அவர் ‘லோயர், ஹையர்’ இரண்டும் இன்ஸ்டிடியூட்டில் பழைய இயந்திரத்தில் தட்டித் தேறியவர். நீலப் பலகையை வீட்டுக்கு ஒருநாள் கொண்டுவந்தபோது நான்கு வரி அடித்துவிட்டு, “இதுதான்டா மெஷின் மாதிரி இருக்கு, விழுந்துச்சா இல்லையான்னு நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை” என்றார். அன்றிரவு தங்கை வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். நீலம் அத்தோடு பட்டியலிலிருந்து நீங்கியது.

வேகம் என்னும் விளம்பரம்

விளையாட்டுப் பலகைகளின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது வேகம். பலகையின் நிலையைக் கணிப்பொறி எத்தனை முறை கேட்டறிகிறது என்பதே அது. சாதாரணப் பலகைகளில் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. விளையாட்டுப் பலகைகளில் நொடிக்கு 1000 முறை, சிலவற்றில் 8000. ஆனால் எங்கள் வீட்டுத் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிநொடி இடைவெளி. கண்ணால் கண்டு விரல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது. இந்நிலையில் ஒரு மில்லிநொடியை எட்டில் ஒன்றாக்கும் பலகைக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேலும், உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடலில் நிலைத்துவிடுவதில்லை. சில மில்லிநொடி துள்ளுகின்றன. அத்துள்ளலை ஒவ்வொரு தட்டலாக எண்ணிவிடாதபடி பலகையின் உள்ளிருக்கும் நுண்கட்டுப்படுத்தி சற்றுப் பொறுத்திருந்து முடிவு செய்கிறது. இதைத் தவிர்க்கவே ஒளிக்கற்றையை மறிக்கும் சுவிட்சுகளும், 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் காந்தச் சுவிட்சுகளும் வந்துள்ளன. நம் பாடத்தில் வரும் அதே ஹால் விளைவுதான்! தண்டில் ஒரு சிறு காந்தம். கீழே ஓர் உணரி. காந்தம் எவ்வளவு நெருங்கியது என்பது மின்னழுத்தமாகத் தெரிவதால், எத்தனை மில்லிமீட்டரில் எழுத்து பதிய வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். விரல் சற்றே மேலெழுந்தவுடன் விசை விடுபட்டதாகக் கொள்ளும் வசதியும் உண்டு. இதன் மேல் மென்பொருள் உத்திகள் ஏறி, எதிரெதிர்த் திசை விசைகளில் பின்னால் அழுத்தியதையே கொள்ளும் முறை வந்தபோது, அது திறமையா, கருவியா என்ற வழக்கு எழுந்தது. ‘கவுண்டர் ஸ்டிரைக் 2’ விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அத்தகைய உத்திகளைத் தன் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் தடை செய்தது. காந்தப் பலகை என்னை மிகவும் கவர்ந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் பாதி நாள் பத்திரம் அடிக்கும் பலகைக்கு அது வேண்டாத அலங்காரம்.

விளம்பரத்தில் சிறிதாகவும், பயனில் பெரிதாகவும் இருப்பது வேறொன்று. 104 விசைகளுக்கு 104 கம்பிகள் இழுப்பதில்லை. வரிசை, நிரல் என்று அணிபோல் அமைக்கிறார்கள். 8 வரிசையும் 16 நிரலும் இருந்தால் 24 கம்பிகளில் 128 விசைகளைக் கவனிக்கலாம். சிக்கனம்தான். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று முனைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்னோட்டம் சுற்றி வந்து நான்காவது முனையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். இல்லாத அந்த எழுத்தை ஆங்கிலத்தில் ஆவி என்றே அழைக்கிறார்கள். மலிவுப் பலகைகள் இதற்கஞ்சி மூன்றாவது விசையையே ஏற்க மறுத்துவிடும். ஓடிக்கொண்டே குதித்துத் திரும்ப வேண்டிய இடத்தில் என் ஆட்டக்காரன் பலமுறை பள்ளத்தில் விழுந்தது இதனால்தான். நல்ல மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு இருக்கும். மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை. கடையிலேயே சோதிக்க எளிய முறை: இரண்டு ஷிப்ட் விசைகளையும் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். சில எழுத்துகள் விழாவிட்டால் அந்தப் பலகை விளையாட்டுக்கு ஆகாது.

ஆயுள் பற்றியும் ஒரு சொல். சுவிட்சுக்கு 5 கோடித் தட்டல் ஆயுள் என்கிறார்கள். அம்மா நாளொன்றுக்கு 20,000 முறை தட்டுகிறார், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 60 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே விசைக்கு என்றாலும் 6 லட்சம்தான். 5 கோடி தேய 83 ஆண்டு ஆகும். 10 கோடி என்று போட்டுக் கூடுதல் விலை கேட்பவரிடம் இக்கணக்கைச் சொல்லலாம்.

மூடிகளைப் பொறுத்தவரை, ஏபிஎஸ் நெகிழி விரைவில் வழுவழுப்பாகிப் பளபளக்கும். பிபிடி சொரசொரப்பாக நெடுநாள் இருக்கும். தமிழ் எழுத்து அச்சிட்ட மூடி வேண்டுமே என்று தங்கை கேட்டாள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையை அவள் கற்றிருக்கிறாள். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். அம்மாவோ பழைய தட்டச்சு முறை. ஒரே மூடியில் இரண்டையும் ஒட்டினால் ஆங்கிலமும் சேர்ந்து பஞ்சாங்கம் போல் ஆகிவிடும். முறை என்பது மென்பொருளில் இருப்பது. பலகைக்கு அது தெரியாது. ஒட்டுத்தாள் வேண்டாமென்று முடிவாயிற்று.

விளையாடுவோர் பலரும் எண்பகுதி இல்லாத 87 விசைப் பலகையை விரும்புவர். மவுஸை வீசி நகர்த்த இடம் கிடைக்கும். பத்திரத்தில் சர்வே எண், சதுர அடி, முத்திரைத் தொகை என்று பக்கத்துக்குப் பக்கம் எண்கள். எனவே 104 விசைதான்.

எஞ்சியது சிவப்பா பழுப்பா என்பது. சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டையும் தட்டிப் பார்க்க விட்டார்கள். “தம்பி, சுவிட்சைக் கழற்றி மாட்டுற மாடல் எடுத்துக்குங்க, பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்” என்றார் கடைக்காரர். பற்றவைப்பு இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கிச் செருகும் வகை அது. நல்ல யோசனை. திசைக்கு உரிய நான்கு விசைகளுக்கு மட்டும் சிவப்பைப் போட்டு, மற்றதெல்லாம் பழுப்பாக வைத்துக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா ஒப்பவில்லை. “நாலு மட்டும் சட்டுனு இறங்கினா விரலுக்குத் தாளம் தப்பிப்போகும்டா” என்றார். பார்க்காமல் தட்டும் கைக்கு எல்லா விசையும் ஒரே பளுவில் இருக்க வேண்டும் என்பது அவர் முப்பது ஆண்டு அனுபவம். என் நாணயக் கணக்கும் அதற்கு மாறாக எதையும் சொல்லவில்லை.

பழுப்புச் சுவிட்ச், 104 விசை, பிபிடி மூடி, கழற்றி மாட்டும் வகை; வண்ண விளக்குகள் கிடையாது. விலை 3,200 ரூபாய். மீதம் 300 ரூபாயில் மூடி பிடுங்கும் இடுக்கியும் இரண்டு மாற்றுச் சுவிட்சும் வாங்குகிறேன். பலகை வந்ததும் ஒவ்வொரு விசையையும் இருபது முறை தட்டிப் பார்த்து, எங்கேனும் ஓர் எழுத்து இரண்டாக விழுந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்று கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ள இருக்கிறேன்.