வெள்ளம் வடிந்தபின் வயலில் செய்யவேண்டியவை

வெள்ளக் காலத்தில் உயிரைக் காப்பது முதற்கடமை. வெள்ளம் வடிந்தபின் பயிரையும் நிலத்தையும் மீட்பது அதற்கடுத்த கடமை. இஃது குடியானவரின் சுறுசுறுப்பையும் கிராம அதிகாரிகளின் கணக்கையும் பொறுத்ததாகும்.

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரு நாளளவில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி பெருக்கெடுத்தது, குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் தடைப்பட்ட ரயிலின் பிரயாணிகள் பலநூற்றுவருக்குப் புதுக்குடி கிராமத்தார் சமைத்து உணவளித்தனர். பசியாற்றும் உதவி இவ்வாறு உடனே கிடைத்தது. மணல் மூடிய வயல்களைத் திருத்தும் வேலையோ நெடுநாள் நீடித்தது.

திருக்கோஷ்டியூர்ப் பிரதேசத்தில் ஒரு கண்மாயின் கலுங்கு நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்வது வழக்கம். மேற்கண்மாய் உடைந்தால் கீழ்க்கண்மாயும் அபாயத்துக்குள்ளாகும். ஆதலின் கீழ்க்கண்ட முறைகளை இங்குள்ளோரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. வடிகால்: நீர் குறைந்தவுடன் தாழ்ந்த வரப்பை வெட்டி வயல்நீரை வடிக்கவேண்டும். வடிகாலைத் தனித்தனியே வெட்டுவதிற் பயனில்லை. ஆயக்கட்டார் அனைவரும் கூடிக் கடைமடையிலிருந்து தொடங்குக.

2. கணக்கு: மணலை அகற்றுமுன் அதன் கனத்தை அளந்து, படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். 2022 முதல் 2026 வரைக்குரிய பேரிடர் நிவாரண விதிகளின்படி, 3 அங்குலத்துக்கு மேற்பட்ட மணலை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000, பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலுமாயின் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000. அளவெடுக்குமுன் மணலை உழுது கலந்துவிட்டால் சேதத்துக்குச் சாட்சியில்லை.

3. பயிர்: இளநெற்பயிரில் அழிந்த இடங்களை, அதே வயலின் செழித்த குத்துக்களினின்று தூர் பிரித்து நிரப்பலாம். வெளிறிய பயிருக்கு, நீர் வடிந்தபின், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரிற் கரைத்துத் தெளிக்கவேண்டும். வயலில் நீர் நிற்கையில் உரமிடுவது வீண்.

4. கண்மாய்: உடைப்பை வெறும் மணலால் அடைத்தல் தகாது. களிமண்ணை அடுக்கடுக்காய்க் கெட்டித்து உயர்த்தவேண்டும். கலுங்கையும் வரத்துக்காலையும் அடைக்கும் செடிகொடிகளை ஐப்பசிக்கு முன்னரே நீக்குக.

நிலமுடையோர் ஒன்றைச் சிறப்பாய்க் கவனிக்கவேண்டும். அடங்கலில் உண்மையாய்ப் பயிர் செய்பவரின் பெயர் இல்லாவிடில், விதையும் உழைப்பும் இழந்த குத்தகைக் குடி நிவாரணத்திலிருந்து விடுபட நேரும். வெள்ளம் வந்தபின் அப்பெயரைத் தேடுவதிற் பயனில்லை. பயிர் ஏறும்போதே பதிவு செய்வித்தல் நிலமுடையோரின் கடமை, அதைச் சரிபார்த்தல் கிராம அதிகாரியின் கடமை.