யாரும் எடுக்காத படம்

அன்புள்ள யாழினிக்கு,

மாம் டோர் குன்றில் நீ எடுத்த படங்கள் வந்தன. "இதையே ஆயிரம் பேர் போட்டிருக்கிறார்கள், என் படத்தால் மலைக்கு என்ன லாபம் மாமா?" என்று கேட்டிருந்தாய். லாபம் உண்டு. ஆனால் அது குன்றின் உச்சியில் இல்லை.

நீ நின்ற பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1951-இல் அமைந்தது. இயற்கை எழில் மிக்க நிலத்தைக் காக்கச் சொன்னது அந்தச் சட்டம். எந்த நிலம் எழிலானது என்று முடிவு செய்யும் வேலை நெடுங்காலம் வல்லுநர்கள் கையில்தான் இருந்தது.

2005-இல் 'ஜியோகிராஃப்' தொடங்கியது. பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் சேர்க்கும் தன்னார்வ முயற்சி. அழகு இங்கே நிபந்தனையே இல்லை. சேற்று வயல், பேருந்து நிறுத்தம், எல்லாமே வரலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். அந்தப் படங்களைக் காட்டி, 'சீனிக் ஆர் நாட்' என்ற தளம் பொதுமக்களிடம் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் கேட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு மதிப்பெண் சேர்ந்தது. வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் அவற்றைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மலை, கடற்கரை, பள்ளத்தாக்கு மேலே வந்ததில் வியப்பில்லை. பழைய கோட்டைகளும் மேலே வந்தன. வெறும் புல்தரையோ கீழே போயிற்று. பச்சையாக இருப்பதெல்லாம் அழகு என்று திட்டம் போடுகிற அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும்!

'ஃப்ளிக்கர்' என்ற படப் பகிர்வுத் தளத்தின் படங்களை வைத்து வேறொரு கணக்கும் உண்டு. ஸ்பென்சர் வுட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் 31 நாடுகளில் 836 சுற்றுலா இடங்களை ஆராய்ந்தார்கள். ஒருவர் ஒரு நாளில் ஓரிடத்தில் இருநூறு படம் எடுத்தாலும் ஒன்றுதான் கணக்கு. இப்படி எண்ணியபோது, நேரடிக் கணக்கெடுப்பு காட்டிய வருகையோடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. வாசலில் ஆள் நிறுத்தி எண்ண வசதியில்லாத பூங்காவுக்கு இது பெரிய உதவி. எந்தப் பாதை தேய்கிறது, எங்கே ஆள் போட வேண்டும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு மனிதர்களின் கால் போன வழியைத்தான் சொல்கிறது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிப் படங்கள் குவியும். இரண்டு மைல் நடந்தால் ஒன்றும் இருக்காது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் 'ஃப்ளோ கண்ட்ரி' என்ற பரந்த கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கார்பனைத் தேக்கி வைத்திருக்கும் அதை 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கியிருந்தால் அதற்கு எத்தனை பைசா போயிருக்கும், சொல்!

அதனால் அடுத்த முறை உச்சிக்குப் போகாதே. 'ஜியோகிராஃப்' வரைபடத்தில் படம் குறைவாக உள்ள கட்டமாகப் பார்த்துப் போ. எடுத்த நாள், நின்ற இடம், கேமரா பார்த்த திசை மூன்றையும் குறித்துவை. இருபது வருடம் கழித்து ஒருவர் அதே இடத்தில் நின்று ஒப்பிட வேண்டுமானால் இவை வேண்டும். நீ அனுப்பிய படங்களில் இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை. எடுத்தாள அனுமதிக்கும் உரிமத்தோடு பகிர். பொன்னாங்கழுகின் கூடு கண்ணில் பட்டால் மட்டும் இடத்தைச் சொல்லாதே, கிட்டேயும் போகாதே. கூட்டில் இருக்கும் அந்தப் பறவையைத் தொந்தரவு செய்வது பிரிட்டனில் சட்டப்படி குற்றம்.

மழைக்கோட்டு எடுத்துப் போ. அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா