கடனில்லா வாழ்வே கவலையில்லா வாழ்வு

இறைவன் தந்த உடலால் உழைத்துப் பெறும் பொருள் புனிதமானது. பொருளின் அருமையை உணர்ந்தே திருவள்ளுவரும் திருக்குறளின் 76ஆவது அதிகாரத்திற்குப் ‘பொருள் செயல்வகை’ எனப் பெயர் சூட்டி, நேர்மையான வழியில் பொருள் ஈட்டுவதன் சிறப்பை எடுத்துரைத்துள்ளார். ஆனால் ஈட்டுவதை விடவும் ஈட்டியதைக் காப்பாற்றுவது கடினம். மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறித்துப் பெறும் சம்பளம், சம்பள நாளன்று மாலைக்குள்ளேயே கைமாறிப் போகும் வீடுகள் பல உள்ளன. இதற்குக் காரணம் வருமானக் குறைவு மட்டுமன்று. கடனும் ஒரு பெருங் காரணமாகும்.

முன்னோர் சுமந்த கடன்

மலையக மக்களின் வரலாறு கடனுடனேயே தொடங்கியது எனலாம். தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்குக் கங்காணி கொடுத்த வழிச்செலவு முற்பணம், அவர் தோட்டத்தில் கால் வைக்கும் முன்னரே அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல முடியாது. கடன் தொகையைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. புதிய தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தும். ஆனால் கடன் ஒழியாது. புதிய இடத்தில் அது மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள பழைய இயந்திரங்களைக் காணும் பிள்ளைகளுக்கு, அக்காலத் தொழிலாளர் சுமந்த கடனின் கதையையும் பெற்றோர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏனெனில் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட கட்டு, இன்று வேறு உருவங்களில் வீட்டு வாசலுக்கே வருகின்றது.

இன்றைய கடன்கள்

முதலாவது கடைக் கொப்பி. காசு கொடுத்து வாங்கும்போது வேண்டுமா, வேண்டாமா என்று சிந்திக்கும் மனம், கொப்பியில் எழுதி வாங்கும்போது சிந்திப்பதில்லை. கொப்பியில் வாங்குவது தவிர்க்க முடியாததாயின், வாங்கிய அன்றே வீட்டிலும் ஒரு கொப்பியில் அதை எழுதிவைத்து, மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது வட்டிக் கடன். நூற்றுக்குப் பத்து வட்டி என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். பத்தாயிரம் ரூபா வாங்கியவர் மாதம் ஆயிரம் ரூபா வட்டி கட்டினால், ஓராண்டில் கட்டிய வட்டி 12,000 ரூபா. முதல் பத்தாயிரமும் அப்படியே நிற்கும். வாங்கியதை விட அதிகம் செலுத்தியும் கடன் ஒரு ரூபாவும் குறையவில்லை.

மூன்றாவது குழுக்களாகப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் நுண்கடன். தொழில் செய்து வருமானம் பெருக்கவென வந்த இக்கடன், பல இடங்களில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நிலையில் முடிந்தது. 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது என்றால், துன்பத்தின் அளவை உணரலாம்.

நான்காவது தவணைக் கொள்வனவு. உதாரணமாக, 60,000 ரூபா பெறுமதியான தொலைக்காட்சிப் பெட்டியை மாதம் 5,500 ரூபா வீதம் 15 மாதத் தவணையில் வாங்கினால், மொத்தமாக 82,500 ரூபா செலுத்த நேரிடும். அதே 5,500 ரூபாவை மாதாமாதம் சேமித்தால் 11 மாதங்களில் ரொக்கமாகவே வாங்கிவிடலாம். பொறுமை காத்த குடும்பத்திற்கு மீதி 22,500 ரூபா.

தீபாவளி முற்பணமும் அன்பளிப்பன்று. அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்தில் கழிக்கப்படும் கடனே அது. ஆகவே முற்பணம் கைக்கு வரும் முன்னரே, எதற்கு எவ்வளவு என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி எழுதிக்கொள்வது நன்று.

சேமிக்கும் வழிகள்

செலவு செய்து மிஞ்சியதைச் சேமிப்பது என்றால் ஒருபோதும் மிஞ்சாது. முதலில் சேமிப்பை ஒதுக்கி, எஞ்சியதில் செலவு செய்வதே முறை. அக்காலத் தாய்மார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் இட்டுவைப்பர். காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் ‘பிடி அரிசித் திட்டம்’ என்ற பெயரில் இப்பழக்கத்தையே அன்னதானப் பணிக்கு வழியாக்கினார். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பசி வந்ததில்லை.

வெற்றிலை, புகையிலை, தேவையற்ற தொலைபேசி ரீலோட் என்று நாளொன்றுக்கு 50 ரூபா போனால் ஆண்டுக்கு 18,250 ரூபா. மதுவுக்குச் செல்லும் காசைக் கணக்கிட்டால் எத்தனையோ மடங்கு பெருகும். அதனோடு குடும்ப நிம்மதியும் போகும். லயத்தின் பின்புறத்தில் நான்கு மிளகாய்ச் செடி, கொஞ்சம் கீரை, ஒரு கறிவேப்பிலை மரம் வைத்தாலும் அது ஒரு வருமானமே. 2022ஆம் ஆண்டு நாட்டில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டு, அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, கைக்கெட்டிய தூரத்தில் இருந்த தோட்டத்தின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

சம்பளத் துண்டைப் படியுங்கள்

தொழிலாளர் பலர் அறியாமலே அவர்களுக்கென ஒரு சேமிப்பு வளர்கின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செல்ல வேண்டும். இதைவிட, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறுபவருக்குச் சேமலாப நிதியில் 6,000 ரூபாவும் நம்பிக்கை நிதியில் 900 ரூபாவும் சேர வேண்டும். ஐந்து வருடங்களுக்கு மேல் சேவை செய்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருடத்திற்கும் 14 நாட் சம்பளம் என்ற அடிப்படையில் சேவைக்காலப் பணமும் உண்டு. 30 வருடங்கள் உழைத்தவருக்கு அது 420 நாட் சம்பளமாகும்.

ஆகவே சம்பளத் துண்டைக் கசக்கி எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் ஒன்றாகவே இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் ஓய்வு பெற்ற பின் அலுவலகங்களுக்கு அலையும் முதியோர் பலர். அந்தப் பணம் கைக்கு வந்ததும் ஒரு திருமணத்திலோ ஒரு வாகனத்திலோ முழுவதையும் போட்டுவிட்டு, முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பதும் கூடாது. ஒரு பகுதியையேனும் வங்கியில் நிலையான வைப்பாக இடுவது அறிவுடைமை.

கூடிச் சேமித்தல்

தனித்து முடியாததைக் கூடிச் செய்யலாம். கடன்காரரின் பிடியிலிருந்து கிராமத்தவரை மீட்பதற்காக, இலங்கையின் முதலாவது கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906இல் இதே கண்டி மாவட்டத்தின் தெல்தெனியப் பகுதியில்தான் ஆரம்பமானது. உறுப்பினர் சிறுகச் சேமிப்பர். அந்தச் சேமிப்பிலிருந்தே அவசரத் தேவைக்குக் குறைந்த வட்டியில் கடன் பெறுவர். வட்டியும் சங்கத்திற்கே திரும்பும். பழைய தெல்தெனிய நகரம் பின்னாளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. ஆனால் அங்கு தோன்றிய வழி நாடெங்கும் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களாகப் பரவியது. ஒருவரையொருவர் நன்கறிந்த இருபது குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் இங்கும் இது கைகூடும். சீட்டுப் பிடிப்பதாயினும் அறிந்தவரிடம், எழுத்தில் கணக்கு வைத்துப் பிடிக்க வேண்டும்.

அம்மன் கேட்பது எதை?

திருவிழாக் காலத்தில் கடன் வாங்கி விருந்து வைப்பதும், அடகு வைத்து நேர்த்தி செலுத்துவதும் சில வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அம்மன் எந்த அடியாரையும் கடனாளியாக்கிப் பூசை கேட்பதில்லை. ஒரு முழம் பூவும் ஒரு துண்டு கற்பூரமும் உண்மையான பக்தியுடன் கொடுத்தால் போதும். பெரிய நேர்த்தி இருப்பின், அதற்கென ஓர் உண்டியலை வைத்து ஆண்டு முழுவதும் சிறுகச் சேர்த்துச் செலுத்தலாம். அந்த உண்டியலில் பிள்ளையின் கையாலேயே காசு போடச் செய்தால், பக்தியும் சிக்கனமும் ஒருங்கே வளரும்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. பிள்ளையின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் பசித்தவனின் சோற்றுக்கும் கொடுக்க மறுப்பது கருமித்தனம். அவற்றுக்குக் கொடுப்பதற்காகவே வீண்செலவைக் குறைப்பது சிக்கனம். கடனால் கட்டுண்டு வாழ்ந்த முன்னோரின் வழித்தோன்றல்கள், கடனின்றித் தலைநிமிர்ந்து வாழும் நாளே அம்முன்னோருக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடன். ஒவ்வொரு வீட்டிலும் அந்நாள் மலர அன்னையின் திருவருள் துணைநிற்பதாக.