உண்ணிக் காய்ச்சலும் பெர்கேசோ விழுக்காடும்

செம்பனைத் தோட்டத்தில் அல்லது புதர் வெட்டும் வேலையில் இருக்கிறீர்களா? கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம்.

அறிகுறிகள்

கடுங்காய்ச்சல், தலைவலி. அக்குளிலோ இடுப்பிலோ வலியில்லாத கருமையான பொருக்குப் புண் இருக்கலாம். உடனே கிளினிக் செல்லுங்கள். மருந்தில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வேலையால் வந்ததா?

என்ன வேலை, எந்த இடம் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். முதலாளியிடமும் தெரிவியுங்கள். 60 வயதைக் கடந்து சம்பளத்திற்கு வேலை செய்பவர்களுக்கும் பெர்கேசோவின் வேலைப் பேரிடர் பாதுகாப்பு உண்டு.

தொழில்சார் நோய் என்று பெர்கேசோ ஏற்றுக்கொண்டால்:

• மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.
• சிகிச்சைக்குப் பிறகும் காது மந்தம் போன்ற பாதிப்பு நிலைத்தால், மருத்துவ வாரியம் அதை விழுக்காட்டில் மதிப்பிடும். காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதல்ல, என்ன குறை மிஞ்சியது என்பதே கணக்கு. முழுக் குணமடைந்தவருக்கு நிரந்தர விழுக்காடு இல்லை.
• 20 விழுக்காடு வரை: முழுத் தொகையையும் மொத்தமாகப் பெறலாம்.
• 20 விழுக்காட்டுக்கு மேல்: ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகப் பெறலாம், மீதி ஆயுள் முழுவதும் மாதந்தோறும் வரும்.

விடுப்புச் சீட்டையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் பத்திரமாக வைத்திருங்கள். அவையே உங்கள் சாட்சி.